அசையை ஆள்வது சொல்: டச்சு மொழியின் உள்கட்டமைப்பு குறித்து

டச்சு மொழியில் 'டெய்க்ரம்ப்' என்று சேர்த்தெழுதப்படும் ஒரு கூட்டுச்சொல்லை இரண்டு விதமாகப் படிக்கலாம். 'டெய்க்' என்றால் கடலைத் தடுக்கும் அணை, 'ரம்ப்' என்றால் பேரழிவு. சேர்ந்தால் அணை உடைந்த பேரழிவு. 'டெய்' என்றால் தொடை, 'க்ரம்ப்' என்றால் தசைப்பிடிப்பு. சேர்ந்தால் தொடையில் ஏற்பட்ட பிடிப்பு. இரண்டிலும் எழுத்துகள் ஒன்றே, ஒலிகளும் அவற்றின் வரிசையும் ஒன்றே. நடுவிலிருக்கும் ககர ஒலி முதல் அசையை முடிக்கிறதா, இரண்டாம் அசையைத் தொடங்குகிறதா என்பது மட்டுமே வேறுபாடு. 'க்வர்ட்ஸ்லாகென்' என்ற சொல்லும் இப்படித்தான். 'க்வர்ட்' என்று நிறுத்தினால் கால்வட்டத் திருப்பங்கள். 'க்வர்ட்ஸ்' என்று நிறுத்தினால் குவார்ட்ஸ் கல்லின் அடுக்குகள். டச்சுப் பள்ளிப் பிள்ளைகள் இவற்றை வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மொழியியலுக்கு இவை முன்வைக்கும் கேள்வி கனமானது. ஒலிகளின் வரிசையை மட்டும் கையில் கொடுத்தால் ஒரு டச்சுச் சொல்லின் அசைகளைப் பிரித்துவிட முடியுமா? முடியாது என்பதே என் வாதம். டச்சில் அசையின் எல்லையைச் சொல்லின் உள்கட்டமைப்பு தீர்மானிக்கிறது. ஒலிவிதிகள் அந்தக் கட்டமைப்பு அனுமதிக்கும் இடத்துக்குள்தான் வேலை செய்கின்றன. (இங்கே அசை என்பது யாப்பின் நேரசை, நிரையசை அல்ல, ஓர் உயிரையும் அதைச் சூழ்ந்த மெய்களையும் கொண்ட ஒலிக்கூறு.)

எளிய சொற்களில் ஒலிவிதி தெளிவாகவே இருக்கிறது. 'மான்' என்றால் நிலா, பன்மையில் 'மானென்'. 'மன்' என்றால் ஆண், பன்மையில் 'மனென்'. இவற்றை எழுதும் முறையைத்தான் டச்சு கற்கும் எவரும் முதலில் சந்திக்கிறார். ஒருமையில் நெடிலைக் காட்ட உயிரெழுத்தை இரட்டித்து எழுதுவார்கள். பன்மையில் அந்த அசை உயிரில் முடியும் திறந்த அசையாகிவிடுவதால் ஓர் உயிரெழுத்தே போதும். குறில் உள்ள 'மன்' பன்மையாகும்போது மெய்யெழுத்தை இரட்டிக்கிறார்கள். தமிழில் 'பட்டம்' என்னும்போது டகரம் உண்மையிலேயே நீண்டு ஒலிக்கிறது. டச்சில் அப்படியில்லை. இரட்டித்து எழுதிய னகரம் ஒற்றையாகவே ஒலிக்கிறது. அந்த இரண்டாம் எழுத்தின் வேலை முன்னிருக்கும் அசையை மூடுவது, அதன் மூலம் அங்கே உள்ளது குறில் என்று அறிவிப்பது. இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததல்ல. 1863இல் மத்தியாஸ் டெ ஃப்ரீஸும் லம்மெர்ட் ஆலார்ட் டெ விங்கெலும் வகுத்த எழுத்துமுறை, எகர ஒகர நெடில்களைத் திறந்த அசையில்கூடச் சில சொற்களில் இரட்டித்தும் சில சொற்களில் ஒற்றையாகவும் எழுதச் சொன்னது. பழைய ஜெர்மானிய மொழியில் அவை வெவ்வேறு ஒலிகளிலிருந்து வந்தவை என்பதே காரணம். பேசுகிறவரின் காதில் அந்த வேறுபாடு எப்போதோ மறைந்துவிட்டிருந்தது. கல்வி அமைச்சர் மார்ஷாந்தின் பெயரால் அறியப்படும் 1934ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அதைக் கைவிட்டது. அதன்பிறகு அசை திறந்ததா மூடியதா என்பதே எழுத்தைத் தீர்மானித்தது. மொழி வரலாற்று அறிஞரின் நினைவைவிட இன்று பேசுகிறவரின் அசைக்கு மதிப்பளித்த அந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன்.

இந்த எழுத்துமுறைக்கு அடியில் ஓர் உண்மையான ஒலியியல் விதி இருக்கிறது. டச்சுக் குறில் திறந்த அசையில் நிற்காது. வியப்பையும் அருவருப்பையும் காட்டும் சில இடைச்சொற்களையும், குறிலாகக் கணக்கிடப்படாத அழுத்தமற்ற மெல்லிய எகரத்தையும் விட்டுவிட்டால், குறிலில் முடியும் சொந்தச் சொல் டச்சில் இல்லை. அப்படியானால் 'மனென்' என்பதில் ஒற்றையாக ஒலிக்கும் னகரம் யாருக்குச் சொந்தம்? உயிருக்கு முன்னால் வரும் மெய் அந்த உயிரோடு சேரும் என்பது உலக மொழிகளில் பரவலான விதி. அதன்படி அது இரண்டாம் அசைக்குரியது. குறில் மூடப்பட வேண்டும் என்ற டச்சு விதிப்படி அது முதல் அசைக்குரியது. 1983இல் மீகெ ட்ரொமெலெனும் 1984இல் ஹாரி ஃபன் டெர் ஹுல்ஸ்டும் வெளியிட்ட நூல்களிலும், 1995இல் கேர்ட் போய் எழுதிய டச்சு ஒலியியல் நூலிலும் இந்த அசைக் கட்டமைப்பு விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. அந்த மெய் இரு அசைகளுக்கும் பொதுவானது என்பது பலர் ஏற்றுக்கொண்ட விடை. ஏட்டில் மட்டும் வாழும் விடை அன்று இது. நைமெகென் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த நீல்ஸ் ஷில்லரும் அன்ட்யெ மையரும் வில்லெம் லெவெல்ட்டும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், டச்சு பேசுவோரிடம் ஈரசைச் சொற்களை ஒலிக்கச் செய்து அவற்றின் அசைகளை முன்பின்னாக மாற்றிச் சொல்லும்படி கேட்டார்கள். பங்கேற்றவர்கள் குறிலை உடைய முதலசையைப் பெரும்பாலும் மெய்யால் மூடியே சொன்னார்கள். நெடிலை உடைய அசையை அநேகமாக மூடவேயில்லை. குறிலைத் திறந்தபடி விட்ட விடைகளும் புறக்கணிக்க முடியாத அளவில் இருந்தன. அந்தத் தயக்கத்தை நான் விதிக்கு எதிரான சான்றாகப் பார்க்கவில்லை. ஒரே மெய்யை இரு அசைகள் பகிர்ந்துகொள்ளும்போது, அதைப் பிரித்துச் சொல்லச் சொன்னால் சிலர் ஒரு பக்கமும் சிலர் மறுபக்கமும் சாய்வது எதிர்பார்க்கக்கூடியதே.

சிறுமைப் பொருள் தரும் பின்னொட்டில் இந்த வேறுபாடு இன்னும் அழகாக வெளிப்படுகிறது. டச்சுக்காரர்கள் எதையும் செல்லமாகச் சுருக்கிச் சொல்வார்கள். 'மான்' சிறியதானால் 'மான்ட்யெ'. 'மன்' சிறியதானால் 'மனெட்யெ'. மரம் என்னும் பொருளுள்ள 'போம்' சிறியதானால் 'போம்ப்யெ'. குண்டு என்னும் 'பொம்' சிறியதானால் 'பொமெட்யெ'. அதாவது நெடிலுக்குப் பின் மூக்கொலி வந்தால் பின்னொட்டு நேராக ஒட்டிக்கொள்கிறது, மகரத்துக்குப் பின் பகரமாகத் தன்னை மாற்றியும் கொள்கிறது. குறிலுக்குப் பின் அதே மூக்கொலி வந்தாலோ இடையில் ஒரு மெல்லிய எகரம் புகுந்து வழிவிடுகிறது. எழுத்துமுறையைக் கற்பதற்கு வெகு முன்பே குழந்தைகள் இப்படிப் பேசுகிறார்கள். ஆகவே குறில் நெடில், திறந்தது மூடியது என்பவை பள்ளிக்கூடம் கண்டுபிடித்த பாகுபாடுகள் அல்ல.

இதுவரை சொன்னது ஒற்றைச் சொல்லின் உள்ளே நடப்பது. சொல்லின் விளிம்புக்கு வந்தால் காட்சி மாறுகிறது. இலையுதிர் காலத்தைக் குறிக்கும் 'ஹெர்ஃப்ஸ்ட்' என்ற ஓரசைச் சொல் நான்கு மெய்களோடு முடிகிறது. இப்படி ஒரு முடிவை எளிய டச்சுச் சொல் ஒன்றின் நடு அசையில் காணமுடியாது. அசையின் பிற்பகுதி தாங்கக்கூடிய சுமைக்கு ஓர் அளவு இருக்கிறது: நெடில் என்றால் அதன்பின் ஒரு மெய், குறில் என்றால் இரண்டு. அதற்கு மேல் வருபவை ஸகரம், டகரம் போன்று நாநுனியில் பிறக்கும் ஒலிகளாகவே இருக்க வேண்டும். அவையும் சொல்லின் இறுதியில்தான் தாராளமாக இடம்பெறும். மாதத்தைக் குறிக்கும் 'மான்ட்' என்ற சொல்லில் நெடிலுக்குப் பின் இரண்டு மெய்கள் உள்ளன. இரண்டாவது நாநுனி ஒலி, ஆகவே தடையில்லை. விலக்குகளும் உண்டு. பன்னிரண்டு என்னும் 'ட்வால்ஃப்' இந்த அளவை மீறுகிறது. உதவினான், இறந்தான் என்னும் பொருளுள்ள 'ஹீல்ப்', 'ஸ்டீர்ஃப்' போன்ற சில இறந்தகால வினைகளும் மீறுகின்றன. அவை எண்ணிக்கையில் சொற்பமானவை, பட்டியலிட்டு முடித்துவிடக்கூடியவை. விதியின் வலிமை கூட்டுச்சொற்களில் தெரியும். 'அங்ஸ்ட்' என்ற அச்சமும் 'ஸ்க்ரேவ்' என்ற அலறலும் சேர்ந்து அச்ச அலறலைக் குறிக்கும் ஒரே சொல்லாகின்றன. இரண்டு உயிர்களுக்கு நடுவே எட்டு மெய்யெழுத்துகள், ஒலியாகக் கணக்கிட்டால் ஆறு மெய்கள் குவிந்து நிற்கின்றன. டச்சு அறியாதவருக்கு இது நாக்கை முறிக்கும் குவியல். டச்சு பேசுகிறவருக்கோ அந்தக் குவியலே வழிகாட்டி. ஒரே சொல்லுக்குள் இப்படி நேராது என்பதால் இங்கே ஒரு சொல் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதை அவர் உடனே உணர்ந்துகொள்கிறார்.

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று ஒலிப்புடைய மெய்கள் அசை இறுதியில் ஒலிப்பை இழப்பது. நாயைக் குறிக்கும் சொல்லின் இறுதியில் எழுதப்படுவது ஒலிப்புடைய டகரம், நம் 'பாடம்' என்ற சொல்லில் கேட்பது போன்றது. ஒருமையில் உச்சரிக்கப்படுவதோ 'பட்டம்' என்பதன் டகரத்தை ஒத்த ஒலிப்பிலா ஒலி. பன்மை விகுதி சேர்ந்ததும் அந்த மெய் அடுத்த அசையின் தொடக்கமாகி ஒலிப்பைத் திரும்பப் பெறுகிறது. வீரனைக் குறிக்கும் 'ஹெல்ட்' என்பதோடு பெண்பால் பின்னொட்டு சேர்ந்து 'ஹெல்டின்' என்னும் வீராங்கனை ஆகும்போதும் டகரம் ஒலிப்புடன் வருகிறது. இப்போது சிவப்பைக் குறிக்கும் 'ரோட்' என்ற சொல்லைப் பாருங்கள். அதோடு உயிரில் தொடங்கும் விகுதி சேர்ந்து 'ரோடெ' என்றாகும்போது டகரம் ஒலிப்புடையது. 'போன்ற' என்னும் பொருள்தரும் 'அக்டிக்' சேர்ந்து 'சிவப்பு கலந்த' என்றாகும்போது அதே டகரம் ஒலிப்பை இழக்கிறது. இரண்டிலும் அடுத்து வருவது உயிரே. ஒலி வரிசை மட்டும் அசையைப் பிரித்திருந்தால் இரண்டிலும் டகரம் அடுத்த அசைக்குச் சென்றிருக்கும். 'அக்டிக்' தனியே நின்று பொருள் தராத வெறும் பின்னொட்டு. ஆனாலும் ஒலியமைப்பில் அது ஒரு முழுச்சொல்லைப் போல நடந்துகொள்கிறது. தனக்கென ஒரு சுவரை எழுப்பிக்கொண்டு, முந்தைய சொல்லின் மெய்யை உள்ளே விடுவதில்லை. அதில் அழுத்தம் விழுவதால்தான் இப்படி என்று சிலர் நினைக்கலாம். 'ஹெல்டின்' என்பதில் தலைமை அழுத்தம் பின்னொட்டின் மேல்தான் விழுகிறது. இருந்தும் அங்கே சுவர் இல்லை. அழுத்தத்தால் இதை விளக்க முடியாது.

கூட்டுச்சொல்லில் இந்தச் சுவர் இன்னும் தெளிவு. 1953 ஜனவரி 31ஆம் நாள் இரவில் வடகடல் பொங்கி நெதர்லாந்தின் தென்மேற்கில் அணைகளை உடைத்தபோது 1,836 பேர் மாண்டார்கள். அந்த வெள்ளத்துக்கு டச்சு மக்கள் வைத்த பெயர் 'வாடெர்ஸ்நோட்ரம்ப்'. நீர், நெருக்கடி, பேரழிவு என்னும் மூன்று சொற்களும், முதல் இரண்டையும் இணைக்கும் ஒரு ஸகரமும் அதில் உள்ளன. இணைப்புக்கென்றே வந்த அந்த ஸகரம் முன்சொல்லோடுதான் ஒட்டிக்கொள்கிறது. 'நோட்' என்பதன் இறுதியில் எழுதப்படுவது ஒலிப்புடைய டகரம். அடுத்து ரகரம் வருகிறது. அந்த இரு மெய்களும் சேர்ந்து டச்சில் ஓர் அசையைத் தொடங்கக்கூடியவை. கனவு என்னும் 'ட்ரோம்' அப்படித்தான் தொடங்குகிறது. ஆட்ரியான் என்ற ஆண்பெயரில் அவை இரண்டும் சேர்ந்து இரண்டாம் அசைக்குப் போகின்றன, டகரம் ஒலிப்போடு இருக்கிறது. பேரழிவின் பெயரிலோ டகரம் தன் சொல்லின் கடைசியிலேயே தங்கி ஒலிப்பை இழக்கிறது. ஒரே மெய்ச்சேர்க்கை, இரண்டு விதமான பிரிப்பு; நடுவில் உள்ள சொல்லெல்லையைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுள் முதலாவது, எழுத்துமுறை மனிதர் வகுத்த மரபு, அதிலிருந்து மொழியின் இயல்பை ஊகிக்கலாமா என்பது. நியாயமான எச்சரிக்கை இது. பாடகர் என்னும் சொல்லை வரி முடிவில் 'ஸன்-கெர்' என்று இரண்டாக உடைக்கச் சொல்கிறது விதி. உச்சரிப்பில் அங்கே இருப்பது நம் ஙகரத்தை ஒத்த ஒற்றை ஒலி. சிரித்தல் என்னும் 'லக்கென்' என்பதில் குறில் இருந்தும் அதன்பின் வரும் உரசொலியின் எழுத்துகளை இரட்டிப்பதில்லை. எழுத்தளவில் அந்த அசை திறந்தே கிடக்கிறது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் தோசை போன்ற பண்டம் ஒன்றின் பெயரான 'பனெகூக்' என்பதற்குள் பலர் உச்சரிக்காத ஒரு னகரத்தைச் சேர்த்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஏற்காத செய்தி ஊடகங்கள் சில மறு ஆண்டில் 'வெள்ளைப் புத்தகம்' என்ற மாற்றுக் கையேட்டின் பக்கம் போயின. எழுத்து ஒலிக்குக் கண்ணாடி அல்ல. ஆனால் எழுத்து எந்தத் திசையில் விலகுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஆகிறான்' என்னும் வினைச்சொல்லின் இறுதியில் பகுதியின் டகரத்தையும் விகுதியின் டகரத்தையும் தனித்தனியே எழுதுகிறார்கள். காதில் விழுவது ஒன்றே. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் எழுத்துப்பிழை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரட்டை எழுத்துத்தான். பாட்டியைச் செல்லமாகச் சொல்லும் 'ஓமாட்யெ' என்பதில் ஆகாரத்தை இரட்டித்து எழுத வேண்டும். வரி முடிவில் அதை உடைத்தால் 'ஓமா' என்ற மூலச்சொல் தெரியும்படி ஓர் எழுத்தை நீக்கிவிட வேண்டும். ஒலியிலிருந்து எழுத்து விலகும் இத்தகைய இடங்களில் அது சொல்லின் பகுதி விகுதிகளை நோக்கியே விலகுகிறது. இந்த ஒழுங்கும் முழுமையானதல்ல. டகரத்தைச் சொல்லமைப்புக்காகக் காப்பாற்றுகிற அதே எழுத்துமுறை, வீடு, கடிதம் போன்ற சொற்களின் இறுதி மெய்யை ஒருமையில் ஒரு விதமாகவும் பன்மையில் வேறு விதமாகவும் கேட்டபடியே எழுதிவிடுகிறது. எப்படியானாலும் என் முதன்மைச் சான்றுகள் எழுத்தைச் சார்ந்தவை அல்ல. டகரம் ஒலிப்பை இழப்பதும் சிறுமைப் பின்னொட்டு உருமாறுவதும் வாயில் நடப்பவை.

இரண்டாவது எதிர்வாதம் ஓடும் பேச்சிலிருந்து வருகிறது. 'எனக்கு இருக்கிறதா' என்பதுபோல் வினைக்குப் பின் 'நான்' என்னும் சொல் வரும் 'ஹெப் இக்' என்ற தொடர் சாதாரணப் பேச்சில் 'ஹெ-பிக்' என்றாகி, நடுமெய் ஒலிப்போடும் கேட்கிறது. கைக்குட்டை என்னும் 'ஸக்டூக்' என்பதில் முதற்சொல்லின் ககரம் பின்னால் வரும் டகரத்தின் ஒலிப்பை வாங்கிக்கொள்கிறது. சொல்லெல்லை சுவர் என்றால் இவை எப்படிக் கடக்கின்றன? இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். கைக்குட்டையில் கடந்தது ஒலிப்பு என்னும் பண்பு மட்டும்; ககரம் தன் அசையைவிட்டு நகரவில்லை. பக்கத்து மெய்யின் சாயலை ஏற்பது வேறு, வேறு அசைக்குக் குடிபெயர்வது வேறு. 'ஹெப் இக்' என்பதிலோ மெய் உண்மையாகவே குடிபெயர்கிறது. ஆனால் அழுத்தம் பெறாத பிரதிப்பெயர்கள் எழுத்தில் தனிச்சொற்களாக இருந்தாலும் ஒலியமைப்பில் தனித்து நிற்பவை அல்ல. முன்னிருக்கும் வினையோடு ஒட்டி ஒரே அலகாகின்றன. எழுத்தில் ஒட்டி நிற்கும் 'அக்டிக்' ஒலியமைப்பில் தனிச்சொல், எழுத்தில் தனித்து நிற்கும் 'இக்' ஒலியமைப்பில் ஒட்டு.

உடனே மூன்றாவது எதிர்வாதம் எழும், இதுதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. மெய் கடந்தால் அது சொல்லல்ல என்கிறீர்கள், கடக்காவிட்டால் சொல் என்கிறீர்கள். அப்படியானால் அசையைக் கொண்டு சொல்லை வரையறுத்துவிட்டு, சொல்லைக் கொண்டு அசையை விளக்குகிறீர்கள், இது சுழல்வாதம் அல்லவா? அசையோடு சம்பந்தமில்லாத வேறொரு சான்று அதே எல்லையைக் காட்டினால்தான் இதிலிருந்து விடுபட முடியும். அப்படி ஒன்று இருக்கிறது. இரண்டு கூட்டுச்சொற்களின் பிற்பகுதி ஒன்றாக இருந்தால் முதலாவதில் அதை விட்டுவிடும் வழக்கம் டச்சில் உண்டு. 'உள்வாயிலும் வெளிவாயிலும்' என்பதை 'உள் மற்றும் வெளிவாயில்' என்பதுபோல் சுருக்குவார்கள். 1985இல் கேர்ட் போய் எழுதிய ஒரு கட்டுரை இந்தச் சுருக்கத்தைப் பின்னொட்டுகளில் சோதித்தது. காணத்தக்கது, தொடத்தக்கது என்னும் இரு சொற்களிலும் வரும் 'பார்' என்ற பின்னொட்டை முதலாவதில் விட்டுவிடலாம். 'அக்டிக்' என்பதையும் அப்படியே விடலாம். 'ஹெல்டின்' என்பதிலுள்ள பெண்பால் 'இன்' என்பதை விடமுடியாது. விட்டால் வீராங்கனை வீரன் ஆகிவிடுவாள். சுருக்கத்தை அனுமதிக்கும் பின்னொட்டுகள் மெய்யைக் கடக்கவிடாதவை, அனுமதிக்காதவை கடக்கவிடுபவை. இரண்டு வேறு சோதனைகள், ஒரே எல்லைக்கோடு. இதன்பிறகும் சுழல்வாதம் என்று சொல்வது கடினம்.

அந்தக் கோடு அகராதியில் நிலையாகப் பதிந்ததல்ல, பேசுகிறவரின் மனத்தில் வாழ்வது. ஆகவே அது அழியவும் கூடும். டச்சு ஆட்சி 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து அடுத்த நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. அந்தக் காலத் தொடர்பில் தமிழுக்கு வந்த 'கக்கூஸ்' என்ற சொல் மலத்தையும் வீட்டையும் குறிக்கும் இரு டச்சுச் சொற்களின் கூட்டு என்றே சொல்லாராய்ச்சியாளர் கொள்கிறார்கள். டச்சில் ககரம் முதற்சொல்லின் இறுதியிலேயே நிற்கிறது, அடுத்த சொல் ஹகரத்தோடு தொடங்குகிறது. தமிழனுக்கு உள்ளே வீடு இருப்பது தெரியாது. ஹகரம் உதிர, ககரம் அடுத்த உயிரோடு சேர்ந்து 'கூ' ஆகிவிட்டது. டச்சுக்குள்ளேயே இதே நிகழ்வு உண்டு. உருளைக்கிழங்கின் பெயரான 'ஆர்டப்பெல்', மண்ணைக் குறிக்கும் 'ஆர்ட்' என்பதும் ஆப்பிளைக் குறிக்கும் 'அப்பெல்' என்பதும் சேர்ந்தது. விதிப்படி நடு டகரம் ஒலிப்பை இழந்திருக்க வேண்டும். ஆனால் பலர் வாயில் அது ஒலிப்போடு அடுத்த அசைக்குப் போய் 'ஆர்-டப்பெல்' ஆகிறது, ஏனெனில் கிழங்கை உண்கிறவர் அதில் மண்ணையோ ஆப்பிளையோ நினைப்பதில்லை. சமைக்காமல் கையில் எடுத்து உண்ணும் ஆப்பிளுக்கு 'ஹன்ட்அப்பெல்' என்று பெயர். கையும் ஆப்பிளும் அதில் இன்னும் தெரிவதால் அங்கே டகரம் ஒலிப்பிழந்து தன் இடத்திலேயே நிற்கிறது. வரி முடிவில் உடைக்கும்போது மட்டும் அச்சுவிதி இரண்டையும் ஒன்றுபோலவே நடத்துகிறது: இரண்டிலும் கோடு ஆப்பிளுக்கு முன்னால் விழுகிறது.